ஐந்தாம் நாள் பிரித்த கட்டு

முப்பத்திரண்டு வயதில் நான் ஓய்வு பெற்றவன் ஆனேன். ரப்பர் விலை விழுந்தது, அரசாங்கம் ஆள் குறைத்தது, குறைத்த ஆட்களில் நானும் ஒருவன். ஓய்வு பெற்ற டிரெசர் என்று என்னை முதல்முதலில் யாரோ அழைத்தபோது என் மீசையில் ஒரு நரை கிடையாது. சும்மா உட்காரத் தெரியாத உடம்பு இது. அதனால் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாசகசாலையின் பின்கட்டில் ஞாயிறுதோறும் இளைஞர்களுக்கு முதலுதவி கற்றுக்கொடுக்கிறேன். ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் பையன்கள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். விரலை நசுக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு, ஆகவே பாடத்துக்கு உதாரணத்துக்குப் பஞ்சமில்லை.

போன வாரம் அவர்களில் ஒருவன் எழுந்து கேட்டான்: “சார், ஆபரேஷன் பண்ணின காயத்துக் கட்டை எத்தனாவது நாள் பிரிக்கணும்? புஸ்தகத்துல ஒரு கணக்கு போட்டிருக்கு. எங்கண்ணனுக்கு ஆபரேஷன் பண்ணின புது டாக்டர் வேற கணக்கு சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?”

எட்டாம் நாள் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. பையன்கள் சிரித்தார்கள். சாருக்கே தெரியலடா என்று பின்வரிசையில் ஒரு குரல். அந்தக் குரலுக்காகவே வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

டிரெசர் என்றால் காயம் கட்டுபவர் என்றுதான் அர்த்தம். ஆனால் எங்கள் நாட்டு ஆஸ்பத்திரிகளில் அவர் பாதி டாக்டர். மருந்து கலக்குவார், ஊசி போடுவார், ஆபரேஷன் மேஜையில் கத்தியை எடுத்துக் கொடுப்பார், டாக்டர் இல்லாத நேரத்தில் வார்டே அவர் பொறுப்பு. நான் கோலாலம்பூரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்துவிட்டு, குமாஸ்தாவாகப் போ என்று அப்பா சொல்லச் சொல்ல, இந்த வேலைக்கு ஓடிவந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: சட்டி கழுவினேன், லைசால் வாடையில் பசி மறந்தேன், எலும்புகளின் பெயர்களைப் பாட்டாகக் கட்டி மனப்பாடம் செய்தேன், பரீட்சையில் தேறினேன். இருபத்தொரு வயதில் கிள்ளான் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அதன் பெயர் வேண்டாம்.

ஆனால் அந்த இடத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. மரத்தூண்கள் மேல் நின்ற நீளமான வார்டு. இரண்டு பக்கமும் வராந்தா. முப்பது கட்டில்கள். மழை வந்தால் தகரக் கூரைமேல் விழும் சத்தத்தில் டாக்டர் பேசுவது கேட்காது, சைகையில்தான் வேலை நடக்கும். காலையில் ஜன்னல் பலகைகளைத் திறந்ததும் ஆற்றுக் காற்றும், பக்கத்து ரொட்டிக் கடை வாசமும், உள்ளே காயங்களுக்குத் தூவும் அயடோஃபார்ம் பொடியின் நெடியும் ஒன்றாகக் கலந்து ஒரு வாசம் வரும். இன்றைக்கும் எங்காவது ரொட்டிக் கடையைக் கடந்தால் அந்த நெடி கூடவே வரவில்லையே என்று மூக்கு தேடுகிறது.

அங்கே எனக்கு மேலதிகாரி டாக்டர் வல்லிபுரம். யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை, சிரித்தும் பார்த்ததில்லை. காலை ஏழு மணிக்கு வார்டுக்குள் வந்தால் கட்டிலின் கால்மாட்டில் நின்று முதலில் நோயாளியின் முகத்தைப் பார்ப்பார். நாங்கள் எல்லோரும் கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்போம், அவர் முகத்தைப் பார்ப்பார். பிறகு புறங்கையால் உள்ளங்காலைத் தொடுவார். பிறகு கடிகாரத்தை எடுத்து ஒரு முழு நிமிஷம் நாடியை எண்ணுவார். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குகிற வேலையெல்லாம் அவரிடம் நடக்காது. “இரவு நித்திரை கொண்டனீரோ?” என்று ஒரே ஒரு கேள்வி. கடைசியாகக் குனிந்து கட்டை முகர்ந்து பார்ப்பார், பலாப்பழம் வாங்குகிறவர் முகர்வது மாதிரி. அவ்வளவுதான், அடுத்த கட்டில். கட்டுக்குள் நடப்பதைக் கட்டுக்கு வெளியிலேயே படித்துவிடுவார்.

அவருடைய சட்டம் இதுதான்: கத்தி வைத்த சுத்தமான காயத்தைத் தைத்துக் கட்டிவிட்டால், தையல் பிரிக்கும் நாள்வரை அந்தக் கட்டின்மேல் எவன் கையும் படக்கூடாது. முகத்துக் காயம் என்றால் நாலைந்து நாளில் தையல் எடுத்துவிடலாம், வயிற்றுக்கு எட்டு நாள், காலுக்கும் முதுகுக்கும் பத்து. முதல் நாள் ரத்தம் கட்டுக்கு வெளியே கசிந்தாலும் பழையதை எடுக்கக்கூடாது, அதன்மேலேயே இன்னும் பஞ்சு வைத்துக் கட்ட வேண்டும். சீழ்ப்புண்ணுக்கு இந்தச் சட்டம் இல்லை, அது தினம் பிரித்துக் கழுவ வேண்டியது.

சட்டம் எனக்கு நன்றாகவே தெரியும். புத்தகத்திலும் அப்படித்தான் படித்திருந்தேன். ஆனால் படித்தவனுக்குப் பார்க்க வேண்டுமே! தோலின் இரண்டு ஓரங்களும் எப்படி ஒட்டிக்கொள்கின்றன, எந்த நாள் எந்த நிறம்? புத்தகத்தில் ஒரு படம் இருந்தது, கறுப்பு வெள்ளையில். எனக்கு நிஜம் வேண்டியிருந்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு மாட்டுவண்டிக்காரருக்கு முதுகில் இருந்த கொழுப்புக் கட்டியை டாக்டர் எடுத்தார். மூன்றாம் நாள் மத்தியானம் வார்டு தூங்கிக்கொண்டிருந்தபோது, அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லி, கட்டின் ஒரு மூலையை மட்டும் மெல்லத் தூக்கிப் பார்த்தேன்.

“என்ன தம்பி, உள்ள பூ பூத்திருக்கா?” என்றார் வண்டிக்காரர்.

“பேசாம படுங்கண்ணே.”

உள்ளே காயம் அழகாக இருந்தது. மெல்லிய சிவப்புக் கோடு, இரண்டு பக்கமும் வரிசையாகத் தையல். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். மூலையைப் பழையபடி ஒட்டிவிட்டேன்.

பத்தாம் நாள் டாக்டர் கட்டைப் பிரித்தார். காயம் முழுவதும் ஆறியிருந்தது, நான் தூக்கிய மூலையைத் தவிர. அங்கே இரண்டு தையலில் சீழ். டாக்டர் அந்த மூலையைப் பார்த்தார், பிளாஸ்திரியின் மடிப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“என்ன பார்த்தனீர்?”

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. “காயம் ஆறுறத சார்.”

“ஆறிச்சுதோ?”

“ஆறிக்கிட்டு இருந்துச்சு சார்.”

“உமக்கு முகம் காட்டவெண்டு அதிலையே நிண்டிட்டுது” என்றார். வண்டிக்காரர் இன்னும் பன்னிரண்டு நாள் படுத்திருந்தார். அவருடைய மாடுகளை அந்தப் பன்னிரண்டு நாளும் வேறு யாரோ ஓட்டினார்கள். பாவி மனுஷர், போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த ஆபரேஷனிலிருந்து ஒரு புது வழக்கம் தொடங்கியது. கட்டுப் போட்டு முடித்ததும் டாக்டர் ஒரு துண்டு பிளாஸ்திரியை எடுத்துக் கட்டின் ஓரத்தில் தோலோடு சேர்த்துக் குறுக்கே ஒட்டுவார். சட்டைப் பையிலிருந்து மைப்பென்சிலை எடுத்து, நுனியை ஈரப்பஞ்சில் தொட்டு, பிளாஸ்திரிமேல் நாளும் தன் கையெழுத்தும் போடுவார். ஊதா நிறத்தில், கொடி மாதிரி சுழித்த கையெழுத்து. கட்டைப் பிரித்தால் கையெழுத்து கிழியும்.

யாருக்காக இந்தக் காவல் என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். வார்டு அட்டெண்டர் சின்னையா அதை எனக்கு ஒரு நாளும் மறக்கவிடவில்லை. “ஊர்ல பெட்டிக்குத்தான் பூட்டு போடுவாங்க தம்பி. நம்ம ஆஸ்பத்திரியில ஆளுக்கே பூட்டு. எல்லாம் உங்க புண்ணியம்” என்பார். சமையல்காரர்வரை அது போய்ச் சேர்ந்து, நான் கறிச்சட்டியைத் திறக்கப் போனால், “டிரெசர் வராரு, கையெழுத்துப் போட்டு மூடுங்க” என்று கிண்டல்.

அந்தக் கிண்டலுக்கும் இப்போது ஏங்குகிறேன். அன்றைக்கு எரிந்தது. மூன்று வருஷம் நான் எந்தக் கட்டையும் தொடவில்லை. டாக்டரைப் போலவே முகம் பார்க்க, முழு நிமிஷம் எண்ண, முகரப் பழகினேன். நோயாளிகளுக்கு அந்த ஊதாக் கையெழுத்துமேல் ஒரு பெருமை. பார்க்க வந்தவர்களுக்குத் துணியை விலக்கிக் காட்டுவார்கள். வந்தவர்கள் தலையை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். நானும் சிரித்துக்கொண்டே அவர்களைக் கடந்து போவேன்.

அப்போதுதான் வீராசாமி வந்தார். மேரு என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். முப்பத்தைந்து வயது, ஒல்லி, ஆனால் தேக்குக் கட்டை மாதிரி உடம்பு. பால் வாளிகளைக் காவடிக் கம்பில் சுமந்து சுமந்து இடுப்புக்குக் கீழே குடல் இறங்கியிருந்தது. தோட்டத்துத் துரையே கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார்: சரி செய்து மூன்று வாரத்தில் திருப்பி அனுப்புங்கள் என்று. டாக்டர் ஆபரேஷன் செய்தார். நான்தான் கூட நின்றேன். சுத்தமான, அழகான வேலை. இடுப்பைச் சுற்றியும் தொடையைச் சுற்றியும் எட்டு மாதிரி மாறி மாறி வரும் கட்டு. மேலே, வயிற்றுப் பக்கம், பிளாஸ்திரியும் கையெழுத்தும். எட்டாம் நாள் பிரிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் டாக்டருக்கு அவசர அழைப்பு. கேரித் தீவில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பேதி. லாஞ்சில் ஏறிப் போய்விட்டார். ஆறாம் நாள்தான் திரும்புவார். போகும்போது வராந்தாவில் நின்று, “வார்டு உம்மட பொறுப்பு” என்றார். இருபத்து நாலு வயதுக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்று முழுக்க நான் நடந்தது தரையில் இல்லை.

ஐந்தாம் நாள் காலை ஆறு மணி. வீராசாமியின் நாடியை எண்ணினேன். நூற்றுப் பத்து. முந்தின மாலை தொண்ணூற்றாறுதான். மறுபடி எண்ணினேன், அதே நூற்றுப் பத்து. வாயில் வெப்பமானியை வைத்தேன். காய்ச்சல் இல்லை, துளிகூட இல்லை.

“எப்படி இருக்கு வீராசாமி?”

“சுகமுங்கய்யா.”

“ராத்திரி தூங்கினீங்களா?”

“நல்லாத் தூங்கினேனுங்க.”

“வலி?”

“ஒண்ணும் இல்லீங்கய்யா. சுகம்.”

குனிந்து முகர்ந்தேன். அயடோஃபார்ம் நெடி எல்லாவற்றையும் மூடியிருந்தது. முகம் கொஞ்சம் வாடியிருந்த மாதிரி இருந்தது. வாடியிருந்ததா, நான்தான் அப்படி நினைத்தேனா? சார்ட்டில் எண்களை எழுதிவிட்டு நகர்ந்தேன். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, பயத்தில் நாடி ஓடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் மனம் அந்தக் கட்டிலையே சுற்றியது. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி ஆபீஸிலிருந்து தீவுத் தோட்டத்துக்கு டெலிபோன் செய்தேன். அங்கே கிராணி, தோட்டத்துக் குமாஸ்தா, எடுத்தார். டாக்டர் தீவின் மறுபக்கத்து லயத்துக்குப் போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறேன் என்றார். பதினொரு மணிக்கு மறுபடி செய்தேன். இன்னும் வரவில்லை.

கட்டைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்த ஊதா எழுத்து! உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைக் கிழிக்கலாம், நான் மட்டும் கூடாது. உள்ளே காயம் சுத்தமாக இருந்துவிட்டால்? பழைய புத்தி போகவில்லை என்பார் டாக்டர். அதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அதுதான் பயம். வேலை போய்விடுமே என்பது இரண்டாவது பயம்தான்.

இரண்டு மணிக்கு வீராசாமியின் மனைவி அஞ்சலை வந்தார். காலையில் பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டு, மேருவிலிருந்து நடந்தே வருகிறவர். புருஷனோடு ஐந்து நிமிஷம் இருந்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்து நின்றார்.

“ஐயா, அவருக்கு ஒடம்பு சரியில்ல.”

“சுகம்னுதான் சொல்றாரும்மா.”

“அவரு சொல்வாரு. பெரட்டுல நின்னு பழகின வாயி. வெள்ளச் சட்டையக் கண்டா சுகம்னுதான் வரும். வயித்த வலிக்குதுன்னு பெரட்டுல சொன்னவனுக்கு என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? பேதி மருந்தக் குடுத்து, அரைப் பேருதான் போடுவாங்க.”

தோட்டத்தில் விடியும் முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்பார்கள். அரைப் பேர் என்றால் அரை நாள் கூலி. அதைப் பற்றி நான் கேள்விப்பட்டது மட்டும்தான்.

“உங்களுக்கு எப்படித் தெரியும் சரியில்லன்னு?”

“வெத்தலைய வேணாங்கிறாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“ஆஸ்பத்திரியில வெத்தல கூடாதுன்னு தெரியும். நேத்துவரைக்கும் மடியில ஒளிச்சுக் கொண்டாந்து குடுத்தேன். வேணும்னா என்னத் திட்டிக்கிங்க. அவங்கப்பா செத்த சேதி வந்த அன்னிக்குக்கூட அந்த மனுஷன் வெத்தல வேணாம்னு சொன்னதில்ல. இன்னிக்கு மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. ஐயா, பிரிச்சுப் பாருங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்.”

சின்னையா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “தம்பி, யோசிச்சுச் செய்ங்க” என்றார். எப்போதும் கிண்டல் செய்கிறவர், அன்று செய்யவில்லை. “நாளைக்குக் காலையில டாக்டர் வந்துருவாரு. ஒரு நாளுதானே? தாப்பா லா, ஒண்ணும் ஆகாது.” பரவாயில்லை என்பதை அவர் மலாயில்தான் சொல்வார்.

ஒரு நாள்தானே என்று எனக்கும் பட்டது. மூன்று மணிக்கு மறுபடியும் வெப்பமானியோடு போனேன். இந்தத் தடவை வராந்தாப் பக்கமாக, பின்னாலிருந்து போனேன். வேண்டுமென்றே அல்ல, அந்த வழி கிட்டே என்பதால். வீராசாமி என் செருப்புச் சத்தம் கேட்டுத் தலைமாட்டிலிருந்த தண்ணீர்க் குவளையை அவசரமாக எடுத்து, ஒரு வாய் நிறைய அடக்கிக்கொண்டு, நான் முன்னால் வருவதற்குள் விழுங்கினார். வாயைத் திறந்து காட்டினார், வையுங்கள் என்கிற மாதிரி.

எனக்குப் புரிந்துவிட்டது. வேலைக்குப் போகப் பிடிக்காமல் வெந்நீர் குடித்துக் காய்ச்சல் காட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பச்சைத் தண்ணீரை அடக்கிக் காய்ச்சலை மறைக்கிற மனிதரை அன்றுதான் பார்த்தேன். வெப்பமானியை அவர் அக்குளில் வைத்து, கையை நானே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றேன். நூற்றிரண்டரை.

“ஏன் இப்படிச் செஞ்சீங்க?”

அவர் கண் கலங்கிவிட்டது. “பிரிக்காதீங்கய்யா. பிரிச்சா கெட்டுப்போச்சுன்னு எழுதுவீங்க. எழுதினா தொரைக்குப் போகும். மூணு வாரம்னுதான் விட்டாங்க. அதுக்கு மேல ஆச்சுன்னா பேர வெட்டிருவாங்க. பேர வெட்டினா லயத்துல வீடு இல்ல. ரெண்டு புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு இவ எங்க போவா? எட்டாம் நாளு வரைக்கும் நான் தாங்கிக்கிறேன். சாமியா நெனச்சுக் கேக்குறேன், பிரிக்காதீங்க.”

பிரி என்று மனைவி கும்பிட்டார், பிரிக்காதே என்று புருஷன் கும்பிடுகிறார்.

முதலில் சார்ட்டை எடுத்தேன். மணி மூன்று நாற்பது, நாடி இத்தனை, சூடு இத்தனை, கட்டைப் பிரிக்க முடிவு செய்தேன், என்று எழுதி என் பெயரை முழுதாகக் கீழே எழுதினேன். பிரித்த பிறகு எழுதினால், பார்த்ததற்குத் தகுந்தாற்போல் கை காரணம் கண்டுபிடித்துவிடும். எனக்கு என் கையைத் தெரியும்.

கத்தரிக்கோலும் இடுக்கியும் கொதித்து முடிந்தன. கையைப் பிரஷ் போட்டுத் தேய்த்து லைசால் தண்ணீரில் வைத்தேன். கட்டைச் சுற்றிப் புதுத் துணி விரித்தேன். கையெழுத்தை ஒதுக்கி வேறு பக்கம் வெட்டலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வெட்கமாக இருந்தது. ஊதா எழுத்தின் நடுவிலேயே கத்தரியை விட்டேன்.

பஞ்சு வந்தது. காஸ் துணி காயத்தோடு ஒட்டியிருந்தது. இழுக்கவில்லை. கொதித்து ஆறிய போரிக் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊறவிட்டு, காயத்தின் நீளவாக்கில் மெல்ல உரித்தேன். குறுக்கே இழுத்தால் ஒட்டியிருக்கும் ஓரங்கள் விலகிவிடும். மேல் பாதி, டாக்டர் தைத்தது தைத்தபடி, அவ்வளவு சுத்தம். கீழ் பாதி வீங்கிப் பளபளத்தது. கடைசி இரண்டு தையல்கள் சதைக்குள் புதைந்திருந்தன. அவற்றை வெட்டினேன். சீழ் தானாகவே வந்தது, ஒரு முட்டைக் கரண்டி அளவு. வீராசாமி பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார், ஒரு சத்தம் இல்லை.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். எடுத்து வைத்த காஸின் கீழ் ஓரத்தில், தொடைப் பக்கம், சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். அதில் ஒரு சின்ன வேப்பிலைத் துணுக்கு.

“இது என்ன?”

“ஆத்தா துன்னூறுங்க.”

“யார் வச்சது?”

“நாந்தான். மூணாம் நாளு தோட்டத்து ஆளு ஒருத்தரு கோயில்லேருந்து கொண்டாந்தாரு. வெரலால உள்ள தள்ளிவிட்டேன்.”

அஞ்சலைக்கு இது தெரியாது. “அடப்பாவி மனுஷா” என்று தலையில் கை வைத்தார்.

“கட்டுக்குள்ள எதையும் வைக்கக்கூடாதுன்னு சொன்னேனே?” என்றேன்.

வீராசாமி ரொம்பப் பணிவாகச் சொன்னார்: “டாக்டரய்யா அவரு எழுத்த மந்திரிச்சுப் போட்டாருல்லங்க, மேல. மேல அவரு காவலு. கீழ சும்மா தொறந்து கெடந்துச்சு. கீழ நம்ம ஆத்தா இருக்கட்டும்னுதான்.”

என் கைக்காகப் போட்ட காவல் அது. அதை இந்த மனிதர் யந்திரமாக எடுத்துக்கொண்டு, டாக்டர் மறந்துவிட்ட பாதியைத் தானே நிரப்பியிருக்கிறார். கையெழுத்து கடைசிவரை கசங்கவே இல்லை. பூட்டு அப்படியே இருந்தது, கதவுதான் வேறு பக்கம் இருந்தது. காயத்தில் காஸ் திரி வைத்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தளர்வாகக் கட்டினேன். மாலை ஆறு மணிக்கு வீராசாமி நான்கு நாளில் முதல் தடவையாக நிஜமாகவே தூங்கினார்.

மறுநாள் காலை டாக்டர் லாஞ்சிலிருந்து நேரே வார்டுக்கு வந்தார். தாடி மழிக்கவில்லை, கால்சட்டையில் முழங்கால்வரை சேறு. கிழிந்த பிளாஸ்திரியை ஒரு தட்டில் எடுத்து வைத்திருந்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. சார்ட்டை எடுத்து நின்றபடியே படித்தார்.

“நாடி நூற்றுப் பத்து எத்தனை மணிக்கு?”

“ஆறு மணி சார். காலையில.”

“பிரிச்சது?”

“நாலு மணிக்கு சார்.”

“பத்து மணித்தியாலம் என்ன செய்தனீர்?”

ஏன் பிரித்தாய் என்ற கேள்விக்கு இரவெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். பத்துப் பதினைந்து வாக்கியம், இங்கிலீஷில். அந்தக் கேள்வி வரவேயில்லை.

“உங்க கையெழுத்துக்குப் பயந்தேன் சார்” என்றேன்.

அவர் வீராசாமியின் கட்டிலுக்குப் போனார். திருநீற்றுக் கதையை நான் சொல்லவில்லை, வீராசாமியே சொன்னார், மேல் காவல், கீழ் காவல் எல்லாம் சேர்த்து. டாக்டர் கடைசிவரை கேட்டார். கோபப்படுவார் என்று சின்னையா இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். டாக்டர் காயத்தைக் கழுவி, திரியை மாற்றி, தன் கையாலேயே கட்டினார். நிமிர்ந்து, யாரிடம் என்றில்லாமல், “அப்ப இது நான் வைச்சதுதான்” என்றார்.

அன்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டு மேருவுக்கு ஒரு கடிதம் டைப் அடிக்கச் சொன்னார். காயம் ஆறத் தாமதமாவதற்குக் காரணம் ஆஸ்பத்திரியில் நேர்ந்த தவறு, தொழிலாளியின் மேல் குற்றம் எதுவும் இல்லை, அவர் திரும்பும்வரை அவருடைய பெயர் செக்ரோலில், தோட்டத்து ஆள்பட்டியலில், இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் டைப் அடித்துக்கொண்டே, “திருநீறு வச்சது அவருதானே சார்” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். “அடியும்” என்றார். அடித்தேன். அதன்பிறகு அந்த மைப்பென்சிலை அவர் கடிதத்துக்கு மட்டுமே எடுத்தார். இனிமேல் சீல் இல்லை என்று அறிவிப்பு ஒன்றும் கிடையாது, அதுவாகவே நின்றுபோனது. எப்போது பிரிப்பது என்று கேட்டால், “எட்டாம் நாள், இல்லாட்டில் உமக்குச் சந்தேகம் வந்த மணி” என்பார்.

வீராசாமிக்குக் காய்ச்சல் இறங்க இன்னும் நாலு நாள் ஆனது. தினம் இரண்டு தடவை பிரித்தேன், கழுவினேன், கட்டினேன். மூன்று வருஷமாக எதைப் பார்க்க ஆசைப்பட்டேனோ, காயம் ஆறுவதை, அடியிலிருந்து மேல்வரை, மணி மணியாகச் சிவப்புச் சதை ஏறிவருவதை, ஒரு நாள் விடாமல் பார்த்தேன். ஒவ்வொரு காலையும் அவரிடம் கேட்பேன், எப்படி இருக்கு? சுகமுங்கய்யா. கண்ணில் தண்ணீர் நிற்கும், வாய் சுகம் என்னும். அஞ்சலை வந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார், நம்பாதீங்க என்று. மூன்று வாரக் கெடுவும் முடிந்தது. துரையிடமிருந்து பதில் இல்லை.

பதில் நாலாவது வாரத்தில் ஒரு காலை, டாக்டர் வார்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது வந்தது. அவர் உறையைக் கிழித்துப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் கட்டிலருகே நின்று தமிழில் சத்தமாகச் சொன்னேன்: உங்க பேரு அப்படியே இருக்கு வீராசாமி, ஆறினதும் வந்தாப் போதும்னு எழுதியிருக்காங்க, வீட்டையும் யாரும் தொடமாட்டாங்க.

அவர் என்னையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் வழக்கம்போல உள்ளங்காலைத் தொட்டார், ஒரு முழு நிமிஷம் எண்ணினார், பிறகு கேட்டார்: “இரவு நித்திரை கொண்டனீரோ?”

“இல்லீங்க” என்றார் வீராசாமி. “வலிக்குதுங்க. வந்த நாள்லேருந்து ராத்திரியெல்லாம் வலிங்கய்யா. என்னால தாங்க முடியல.”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். சின்னையாவும் சிரித்தார். டாக்டர் வல்லிபுரத்தின் முகத்திலும் ஏதோ ஒன்று, சிரிப்பு என்றுதான் இன்றுவரை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வந்து போனது. “எந்த இடத்திலை, காட்டும்” என்று கேட்டபடி அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.